சலனப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்

பாலக்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாலத்தின்மேல், நீர் நிறைந்தோடும் நாளொன்றில் நின்று, கீழே செல்லும் வெள்ளத்தை ஒரு நிமிடம் இமை கொட்டாது நோக்குக. பின்னர்ச் சட்டென்று கண்ணைக் கரைமேல் திருப்புக. கரையிலுள்ள கல்லும் செடியும் நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில் மெல்ல ஊர்ந்து செல்வதாகத் தோன்றும். கல் நகரவில்லை என்பதை அறிவு அறியும். கண்ணோ அதனை ஒப்புக்கொள்ளாது. ஊர்கின்றது, ஆனால் இடம் பெயரவில்லை என்னும் இம் முரண்பட்ட காட்சி சில நொடிகளில் அடங்கிவிடும். ஓடும் ஆற்றை நோக்கிய கண்ணுக்கு நிற்கும் பொருளும் ஓடுவதாகத் தோன்றுதலைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கனவுகளைப் பற்றித் தாம் எழுதிய நூலிலேயே குறித்துள்ளார். 1834-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து அருவி ஒன்றின் எதிரே நின்ற ராபர்ட் ஆடம்ஸ் என்பவரும் இதனைக் கண்டு எழுதினார். மேனாட்டார் இதனை அருவி மயக்கம் என்று வழங்கி வருகின்றனர்.

அச்சாலையிலேயே மற்றொரு வேடிக்கையும் காணலாம். நெருக்கமாக நட்ட இரும்புக் கம்பி அடைப்பு ஒன்றற்கு இப்புறம் நின்று, அப்புறம் செல்லும் சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்தால், நேரான ஆரக்கால்கள் வில்லைப்போல் வளைந்து தோன்றும். இதனை 1824-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரையாகப் படைத்தவர் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர். ஆங்கிலச் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துப் புகழ்பெற்றவரும் இவரே.

நம் நாட்டுத் தத்துவ நூலோர் கயிற்றில் பாம்பையும், சிப்பியில் வெள்ளியையும், பாலையில் கானல்நீரையும் உவமை கூறிக் கண்ணை முழுதும் நம்பற்க என்று நெடுங்காலமாக நமக்கு அறிவுறுத்தி வந்தனர். அம் மயக்கத்தையே கையிற்கொண்டு, அதனால் வாழவும், பல்லாயிரவரை மகிழ்விக்கவும் துணிந்த ஒருவர் நம் திருச்சிராப்பள்ளியில் இருந்தார். தென்னாட்டுச் சலனப்பட வரலாறு எழுதுவோர் எவரும் விடாது எழுதும் பெயர் அது: சாமிக்கண்ணு வின்சென்ட்.

வின்சென்ட் 1883-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிற் பிறந்த கிறிஸ்தவர். வாலிபப் பருவத்தில் தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியில் வேலை பெற்றுத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அவர் பொன்மலையிற் பணிபுரிந்ததாகச் சிலர் எழுதுவர். 1905-இல் பொன்மலைத் தொழிற்சாலை தோன்றவில்லை. நாகப்பட்டினத்திலிருந்த தொழிற்சாலை 1920-களின் பிற்பகுதியிலேதான் அங்கே மாற்றப்பட்டது. வின்சென்டின் வேலை டிராப்ட்ஸ்மன் வேலை. தாளின்மேல் அளவு பிசகாது கோடு இழுத்தல் அதன் இலக்கணம். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்பர். பாலக்கரையைத் தொட்டுக் கோட்டை நிலையம் வழியாக ஈரோட்டுக்குச் செல்லும் பாதையும் அக்கம்பெனியின் பாதையே. அவர் தம் பிறந்த ஊருக்குப் போகவேண்டுமாயின் அதுவே நேர்வழி.

இருப்புப்பாதை ஊழியர் எவரும் நன்கறிந்த மயக்கம் ஒன்றுண்டு. நிலையத்தில் நிற்கும் வண்டியில் நாம் அமர்ந்திருக்க, பக்கத்துப் பாதையிலுள்ள வண்டி புறப்படுமாயின், நம் வண்டியே பின்னோக்கிச் செல்வதாக ஒரு கணம் உடல் முழுதும் உணரும். எதிர்ப்புறத்துச் சன்னலிற் பிளாட்பாரத்துத் தூண் அசையாது நிற்பதைக் கண்டபின்னரே மனம் தெளியும். அசைவு என்பது கண்ணிற்பட்டவாறே நமக்குக் கிடைப்பதன்று. எது நிற்பது, எது செல்வது என்று மனம் தீர்ப்பளித்த பின்னரே கிடைப்பது. சாமிக்கண்ணு வின்சென்டின் வாழ்வை விளங்கிக்கொள்ள இஃதொன்று நினைவில் இருத்தல் வேண்டும்.

1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டும் கருவியுடன் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். இலங்கையிலும் தென்னாட்டிலும் ஊர் ஊராகக் காட்சி நடத்தியவர் அவர். அப்பொழுது அக்கலைக்கு வயது பத்து. 1895 டிசம்பர் 28-இல் பாரிஸ் நகரத்து உணவுச்சாலை ஒன்றின் கீழறையில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். 1896 ஜூலை 7-இல் பம்பாய் வாட்சன் ஓட்டலில் அவர்கள் அனுப்பிய ஆள் காட்டினார். சென்னை விக்டோரியா மண்டபத்திலும் சின்னாட்களில் இக்காட்சி நடந்தது. எனினும் இவையெல்லாம் பெரும்பாலும் நகரத்தாருக்கும் வெள்ளையருக்கும் உரிய வியப்புக்களாகவே இருந்தன. உள்நாட்டுச் சிற்றூரார் அதுகாறும் அறிந்தது தோற்பாவைக் கூத்தும், பாதிரிமார் சுவரில் வேதப்படம் காட்டிய மாயவிளக்குமே.

டூபாண்ட் நோயுற்றார். தாய்நாடு திரும்ப எண்ணிக் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட விரும்பினார். ஏறக்குறைய 2000 ரூபாய் கொடுத்து அவற்றை வின்சென்ட் வாங்கினார். இருபத்திரண்டு வயது இளைஞர். 25 ரூபாய்ச் சம்பளக்காரர். ஒரு காசும் செலவிடாது சேர்த்தாலும் 80 மாதச் சம்பளம், அஃதாவது ஆறு ஆண்டு எட்டு மாதச் சம்பளம். கம்பெனி வேலை என்றால் வாழ்நாள் முழுதும் கஞ்சிக்குக் குறைவில்லை என்று பெற்றோர் மகிழ்ந்து பெண்கொடுத்த காலம் அது. அவ் வேலையை உதறிவிட்டு, ஒரு பெட்டியையும், எளிதில் தீப்பற்றும் சில சுருள்களையும் நம்பி வெளியே நடந்தார். அவரை அறிந்தோருள் இதனைப் பித்து என்று எண்ணியவர் இருந்திருப்பின் அவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

அவர் வாங்கியது யாது? இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில், நாள்தோறும் சினிமாக் காணும் மாணாக்கருள்ளும் பலர் இதனைத் தவறாகவே அறிந்திருக்கின்றனர்.

அந்நாளைய படச்சுருளில் ஓர் அடி நீளத்தில் 16 படங்கள் அமையும். 1000 அடிச் சுருளில் 16,000 படங்கள். நொடிக்கு 16 படம் வீதம் கைப்பிடியைச் சுழற்றினால் அச்சுருள் 16 நிமிடம் 40 நொடியில் ஓடி முடியும். ஒவ்வொரு படமும் விளக்கின் முன் வந்து அசையாது நிற்கும். பின்னர் அதனைக் கீழே இழுத்து அடுத்ததனைக் கொண்டுவருதற்கு ஒரு பற்பொறி உண்டு. இழுக்கும் நேரத்தில் சுழலும் தகடொன்று ஒளியை மறைத்துவிடும். ஆகவே, திரையின்மேல் அசையும் படம் ஒன்றேனும் விழுவதில்லை. விழுவன யாவும் நிற்கும் படங்கள்; படத்துக்கும் படத்துக்கும் இடையே இருள். ஒரு மணி நேரக் காட்சியில் ஏறக்குறையப் பாதி நேரம் மக்கள் காசு கொடுத்துக் கும்மிருட்டையே பார்த்துக்கொண்டிருந்தனர்!

இங்கே இரண்டு வினாக்கள் உள. இடையிலுள்ள இருள் ஏன் தெரிவதில்லை என்பது ஒன்று. நிற்கும் படங்கள் ஏன் நடக்கின்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, விழித்திரையில் விழுந்த உருவம் சிறிது நேரம் அழியாது தங்குகின்றது, ஆதலால் அசைவு தோன்றுகின்றது என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் கூறிவந்தன. நாமும் பள்ளியில் அவ்வாறே ஒப்பித்து மதிப்பெண் பெற்றோம்.

முதல் வினாவுக்கு அவ்விடை ஒருவாறு பொருந்தும். ஒளி நொடிக்குச் சற்றேறக்குறைய 50 தடவை விட்டுவிட்டு வருமாயின், கண் அதனைத் தொடர்ந்த ஒளியாகவே கொள்ளும். நொடிக்கு 16 படம் போதாமையால் திரை சிமிட்டும். அதனைப் போக்கவே மறைக்கும் தகட்டை மூன்று இதழாக்கி ஒரே படத்தை மும்முறை ஒளிவிடச் செய்தனர். மும்முறை பதினாறு 48. சிமிட்டல் பெரும்பாலும் ஒழிந்தது.

இரண்டாம் வினாவுக்கு அவ்விடை சிறிதும் பொருந்தாது. ஒருவன் கையை உயர்த்தும் காட்சியில், முந்திய உருவங்கள் அழியாது தங்கினால் நாம் காண்பது உயர்கின்ற கையன்று. ஒரே தோளிலிருந்து பதினாறு கை விரிந்து நிற்கும் சிற்பமாகும். அவ்வாறு நாம் காண்பதில்லையே. ஒரே கை, வழுவழுப்பாக, இடையறாது எழுகின்றது. இடைப்பட்ட நிலைகள் சுருளிலும் இல்லை, திரையிலும் இல்லை, விழித்திரையிலும் இல்லை. அவை எங்கிருந்து வந்தன?

இதற்கு விடை தேடியவர் மாக்ஸ் வெர்தைமர் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர். 1910-ஆம் ஆண்டில் விடுமுறைக்காகப் புகைவண்டியிற் சென்றவர், வழியில் இக்கேள்வி மனத்தில் எழுந்தமையால் பிராங்க்பர்ட் நிலையத்திலேயே இறங்கி, படம் சுழற்றும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, தங்குமிடத்திலேயே சோதனை தொடங்கினார் என்பர். அவர் செய்தது மிக எளியது. இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கியதில் 200 பங்காயின், முதலில் ஒரு கோடு, பிறகு மற்றொரு கோடு என்று தோன்றும். 30 பங்காயின் இரண்டும் ஒருங்கே தோன்றும். 60 பங்கு அளவில் வைத்தாலோ, ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதாகத் தோன்றும்! இடையே ஒன்றும் இல்லை. ஆயினும் செலவு உண்டு. இவ்வாராய்ச்சி 1912-இல் வெளிவந்தது. மனம் துண்டுகளைக் கூட்டி முழுமையைச் செய்வதன்று, முழுமையையே காண்பது என்னும் உளநூற் கொள்கை ஒன்று இதனின்றும் கிளைத்தது.

இதற்குப் பல்லாண்டு பின்னர்க் கிடைத்த ஒரு செய்தி இன்னும் வியப்பானது. மூளையின் பின்பகுதியில் இருபுறமும் பழுதுற்ற ஒரு பெண்மணியைப் பற்றி மூனிக் நகரத்து ஆராய்ச்சியாளர் 1983-இல் எழுதினர். அவருக்கு நிறம் தெரியும், உருவம் தெரியும், எழுத்துத் தெரியும்; அசைவு மட்டும் தெரியாது. கிண்ணத்தில் தேநீரை ஊற்றினால் அது உறைந்த பனிக்கட்டிபோல் நிற்கும். நீர்மட்டம் ஏறுவது தெரியாமையால் கிண்ணம் நிரம்பி வழியும். சாலையைக் கடக்க நின்றால் வண்டி தொலைவில் இருக்கும், மறுகணம் அருகில் இருக்கும், வந்தது தெரியாது. நமக்கு நிற்கும் படங்கள் ஓடுகின்றன. அவருக்கோ ஓடும் உலகம் நிற்கும் படங்களாயிற்று. ஆகவே, மெய்யாக ஓடும் ஆற்றையும், பொய்யாக ஓடும் படத்தையும் அசையக் காண்பிப்பது மூளையின் ஒரே தொழிற்சாலைதான் என்பது தெளிவு. பாலக்கரைப் பாலத்தின்மேல் ஒரு நிமிடம் நீரை நோக்கியதால் களைத்துப்போவதும் அத்தொழிற்சாலையே. ஒரு திசை அசைவை உணரும் உறுப்புக்கள் ஓய்ந்துவிட, எதிர்த்திசையின கை ஓங்குகின்றன. நிற்கும் கரை ஓடுகின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? சினிமாவில் நம் கண்ணின் குறைபாடு ஏமாற்றப்படுகின்றது என்று சொல்லுதல் பாதி உண்மையே. பாம்பு புல்லில் நெளிவதையும் பிள்ளை கிணற்றை நோக்கித் தவழ்வதையும் நமக்குக் காட்டிக் காக்கின்ற அந்த ஆற்றலையே அது வேலை வாங்குகின்றது. படத்தை ஓட்டியவர் வின்சென்ட். நடக்கச் செய்தவரோ கொட்டகையில் மண்ணின்மேல் அமர்ந்திருந்த குடியானவரும் குழந்தைகளுமே.

அத்தொழிற்சாலையும் சிலவிடத்துத் தவறு செய்யும். படத்தில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் காணாதார் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஓர் ஆரக்கால் அடுத்த ஆரக்காலின் இடத்தைச் சற்றே அடையாமல் நின்றதாயின், மனம் அருகிலுள்ளதனையே பற்றிக்கொண்டு, சக்கரம் சிறிது பின்னே சென்றதாகத் தீர்ப்பளித்துவிடுகின்றது. ரோஜே கம்பி அடைப்பின் வழியே கண்டதற்கும் இதற்கும் உறவு நெருக்கம்.

வின்சென்ட் விலைக்கு வாங்கிய சுருள்களுள் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. அவர் தொழிலுக்கு முதலாய் நின்றதும் அதுவே. நம்மைப்போல் மிஷன் கல்லூரியில் வளர்ந்தார்க்கு இங்கே ஒரு கேள்வி எழாமற் போகாது. உலகிற்கு மெய்யைக் கொணர்ந்த ஆண்டவரைப் பொய்யான அசைவால் காட்டுதல் தகுமோ? திரையில் நிற்பவர் அவரல்லர், வேடம் பூண்ட ஒருவர், நடப்பதும் நடையன்று. இரட்டைப் பொய்யன்றோ? கூத்தையும் சினிமாவையும் ஐயுற்று விலகிய பெரியோர் நம்மவருட் பலர். அவர்களுடைய அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. கண்ணை மயக்கியவன் அடுத்து மனத்தையும் மயக்குவான் என்பதே அவர்கள் அச்சம். மேனாட்டிலும் நம் நாட்டிலும் அவ்வச்சம் மெய்யான சமயங்கள் பின்னர் வந்ததுண்டு.

ஆயினும், வின்சென்டின் செயலை நாம் அவ்வகையிற் சேர்க்கமாட்டோம். கண்கட்டு வித்தைக்காரன் தன் சூட்சுமத்தை மறைப்பான்; மறைத்தாலன்றி அவனுக்குப் பிழைப்பில்லை. வின்சென்டோ சில ஆண்டுகளுள் பாதே என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் கருவிகளைத் தென்னாட்டில் விற்கும் உரிமை பெற்றுப் பிறருக்கும் விற்றார். மயக்கத்தின் திறவுகோலையே கடையில் வைத்து விலை கூறியவரை ஏமாற்றுக்காரர் என்று எவ்வாறு சொல்வது? கொட்டகைக்குள் நுழைபவன் தான் காண்பது படம் என்பதை அறிந்தே காசு கொடுக்கின்றான். கோயிற் சுவரிலுள்ள ஓவியத்தின் முன் முழந்தாளிடும் கிழவி சுவரையா தொழுகின்றாள்? கணினியின் உதவியால் ஒருவர் முகத்தில் மற்றொருவர் சொல்லை ஏற்றி, அதனை மெய்யென்றே சொல்லிப் பரப்பும் நம் காலத்து வித்தையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அங்கே மயங்குவது கண்ணன்று, நம்பிக்கை.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூறுவோம். லூமியேரின் படத்தில் புகைவண்டி நேரே வருவதைக் கண்டு பாரிஸ் மக்கள் அலறி ஓடினர் என்ற கதை உலகெங்கும் வழங்குகின்றது. அக்காலத்துச் சான்றுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தோர் எழுதுகின்றனர். நம் நாட்டுப்புறத்தார் திரைக்குப் பின்னே சென்று ஆளைத் தேடினர் என்பன போன்ற கதைகளையும் நாம் இதே தராசில் நிறுக்கின்றோம். பிறரை அறிவிலிகளாகக் காட்டுவது எளிது, கேட்பதற்கு இனிது. கண் மயங்கியது உண்மை. அது பாரிஸ் அறிஞனுக்கும் மயங்கும், பாலக்கரை வண்டிக்காரனுக்கும் மயங்கும். மதி மயங்கியது என்பது வேறு.

டூபாண்டினிடம் வாங்கியவற்றுடன் வின்சென்ட் புறப்பட்ட பயணம் நெடியது. துணிக்கொட்டகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சென்றார். 1906-இல் கோழிக்கோட்டில் காட்டினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து ரங்கூனுக்கும் அவர் சென்றதாக அவர் வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். 1909-இல் சென்னை எஸ்பிளனேடு பக்கத்தில் கொட்டகை அடித்து, அதற்கு எடிசன் கிராண்ட் சினிமா மெகாபோன் என்று நீண்ட பெயர் சூட்டி, படத்தோடு கிராமபோன் இசையும் கேட்கச் செய்தார். எடிசனுக்கும் அதற்கும் பெயரளவில் மட்டுமே சம்பந்தம் என்க. வாணிபம் அறிந்தவர்.

கொட்டகை வாழ்க்கை இன்று நினைப்பதுபோல் எளிதன்று. மின்சாரம் இல்லாத ஊர்களிற் படக்காரர்க்குக் கைகொடுத்தது சுண்ணாம்பு விளக்கு. பிராணவாயுவும் நீரவாயுவும் கலந்தெரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின்மேற் செலுத்தினால், அது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி விடும். இவ்வொளிக்கு ஒரு சாண் அப்பால் ஓடுவதோ வெடிப்பஞ்சின் இனத்தைச் சேர்ந்த படச்சுருள். ஒரு நொடி நின்றால் கருகும், பற்றினால் அணையாது. 1897 மே 4-இல் பாரிஸ் நகரத்தில் ஏழைகளுக்காகக் கூட்டிய அறச்சந்தையில், படக்கருவியின் விளக்கிலிருந்து தீ எழுந்து 120-க்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்டிர். துணிக்கூரையின்கீழ் நூற்றுக்கணக்கானவரை அமரவைத்துக் கைப்பிடியைச் சுழற்றியவன் கை எவ்வாறு நடுங்காமல் இருந்ததோ! நடுங்கினால் படமும் நடுங்கும்; நொடிக்குப் பதினாறு என்னும் கணக்குத் தப்பும்; தப்பினால் நடப்பவன் ஓடுவான், அல்லது தள்ளாடுவான்.

அலைந்து களைத்தபின், 1914-ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். தென்னாட்டில் இந்தியர் ஒருவர் கட்டிய நிலையான சினிமாக் கொட்டகைகளுள் மிகப் பழையவற்றுள் அஃதொன்று. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது அதுவே. கோயம்புத்தூருக்குப் பைக்காரா மின்சாரம் வந்தது 1930-களில். அதற்கு முன்னரே தம் அரங்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே இயந்திரம் வைத்து உண்டாக்கினார். மின்சாரம் கையிலிருக்க, மாவரைக்கும் ஆலையும், மின்சார அச்சுக்கூடமும் அதனோடு சேர்ந்தன. நிழலை விற்றவர் மாவும் விற்றார் என்று நாம் நகைக்கலாம். ஆனால் நகைப்புக்கு இடமில்லை. படம் ஓடாத பகற்பொழுதில் இயந்திரம் சும்மா நிற்றல் ஆகாது என்பது இருப்புப்பாதைக் கணக்கு.

பேசும்படம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஊமைப்படக் காலத்தில் கைப்பிடியைச் சற்று விரைவாகவோ மெதுவாகவோ சுழற்றினால் கண் பொறுத்துக்கொள்ளும். மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒலி அவ்வாறன்று. சுருளின் வேகம் சிறிது மாறினும் பாடகியின் குரல் கட்டை மாறிப் பிசகிவிடும். செவி அதனை மன்னியாது. ஆதலின் நொடிக்கு 24 படம் என்ற மாறா அளவும், அதனைக் காக்க மோட்டாரும் வந்தன. கைப்பிடி சுழற்றியவர்களின் காலம் அத்துடன் முடிந்தது. பலர் அத்துடன் தொழிலை விட்டனர். வின்சென்ட் விடவில்லை. காட்டியது போதாதென்று, படம் பிடிக்கவும் துணிந்தார். கல்கத்தாவிலிருந்த பயனீர் கம்பெனியுடன் சேர்ந்து வள்ளி திருமணம் என்னும் பேசும்படத்தை எடுப்பித்தார். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸில் தலைவியாக நடித்த டி. பி. ராஜலக்ஷ்மியே இதிலும் வள்ளியாக நடித்தார். 1933-இல் வெளிவந்த இப்படம் நன்றாக ஓடிப் பொருளும் ஈட்டியது. கர்த்தரின் சரித்திரத்தோடு தொழில் தொடங்கிய கிறிஸ்தவர் முருகன் கதையை எடுத்தது சிலருக்கு வியப்பாகலாம். எமக்கு வியப்பில்லை, அவருடைய கொட்டகையில் அமர்ந்திருந்தவர்களின் கதை அது.

அதன்பின் 1930-களின் நடுப்பகுதியில், கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தபோது, அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக அவரும் நின்றார். தமிழ்ப்படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மூட்டை கட்டிய காலம் அதனால் ஓரளவு மாறியது. அங்கே பின்னர் எடுக்கப்பட்ட படங்களின் பட்டியல் நீளமானது. அது வேறொரு கட்டுரைக்குரியது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1942-ஆம் ஆண்டில், ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். கோயம்புத்தூர் நகரின் நடுவே அவருடைய அரங்கு இருந்த வீதி வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்குகின்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்து அங்கே செல்வோர், வண்டி பாலக்கரையைக் கடக்கும்போது சன்னலோரம் அமர்ந்து, பாதையோரத்துத் தந்திக்கம்பங்களும் வீடுகளும் பின்னோக்கி ஓடுவதைச் சிறிது நேரம் கூர்ந்து நோக்குக. அடுத்துக் கோட்டை நிலையத்தில் வண்டி நின்றதும் பிளாட்பாரத்தைப் பார்த்தால், அது மெல்ல முன்னோக்கி ஊரத் தொடங்கும்.